கதவில்லாத ரயில் நிலையமும் 5 ரூபாய் டிக்கெட்டும்

சென்னை மெட்ரோவில் ஏறப் போனால் கதவு மறிக்கும். அட்டையை வைத்தாலோ க்யூஆரைக் காட்டினாலோதான் திறக்கும். அதே கிண்டியில் மெட்ரோவை விட்டு இறங்கி மின்சார ரயில் நிலையத்துக்குள் நடந்தால் மறிக்க எதுவும் இல்லை. சுரங்கப்பாதை, மேம்பாலம், கடைவீதிப் பக்கம் என்று எந்த வழியாக வந்தாலும் நேராக நடைமேடையில் போய் நிற்கலாம். டிக்கெட் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்கிற நாள் ஒன்று வரும்போது கையில் இருக்கும் டிக்கெட் எல்லா விதத்திலும் சரியாக இருக்க வேண்டும்.

புறநகர் ரயிலின் டிக்கெட் விதிகள் பலருக்கும் புரியாத புதிர். ஸ்டேஷனுக்குள் நின்றால் செயலி டிக்கெட் கொடுக்க மறுப்பதும், ஸ்கிரீன்ஷாட் செல்லாமல் போவதும், சீசன் டிக்கெட்டில் அடையாள அட்டை எண் கேட்பதும் வெறும் கெடுபிடியாகத் தெரியும். மறிக்கும் கதவு இல்லை என்பதை மனதில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் விளங்கிவிடும். கதவு செய்ய வேண்டிய வேலையை இங்கே விதி செய்கிறது. அந்த விதி தெரியாததால், காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவரே ‘வித்தவுட்’ ஆகி 250 ரூபாய் கட்டுவது அடிக்கடி நடக்கிறது. அந்த 250 ரூபாய் பலருக்கு ஒரு மாதச் சீசனை விடப் பெரிய தொகை. இந்தக் கட்டுரை அவர்களை நினைத்து எழுதப்பட்டது.

கட்டணம் எப்படி ஏறுகிறது

1931-இல் சென்னை பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர்கேஜ் வண்டிகள் 2004-இல் நின்றன. இப்போது ஓடுவதெல்லாம் அகலப்பாதை வண்டிகள். தெற்கே செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஒரு தடம், மேற்கே ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம், வடக்கே கும்மிடிப்பூண்டி தாண்டி சூலூர்பேட்டை, இவற்றோடு பீச்சிலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயில். நான்குக்கும் கட்டண முறை ஒன்றுதான்.

இரண்டாம் வகுப்புக் கட்டணம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சீராக ஏறுவதில்லை, படிக்கட்டுபோல ஏறும். 20 கிலோமீட்டர் வரை 5 ரூபாய், 45 வரை 10, 70 வரை 15. பீச்சிலிருந்து கிண்டி 5 ரூபாய், தாம்பரம் 10, செங்கல்பட்டு 15. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கும் 5 ரூபாய்தான். 2025 ஜூலையிலும் டிசம்பரிலும் நீண்டதூர ரயில்களின் கட்டணம் உயர்ந்தபோது புறநகர் டிக்கெட்டையும் சீசனையும் தொடாமல் விட்டார்கள்.

இந்தப் படிக்கட்டைத் தெரிந்துகொண்டால் ஒரு நன்மை உண்டு. எந்த நிலையத்தில் இறங்குவது என்று முடிவாகாத நாளில், அதே படிக்குள் இருக்கும் தூரத்து நிலையத்துக்கே டிக்கெட் எடுத்துவிடலாம். காசு கூடாது. டிக்கெட்டில் போட்ட நிலையத்தைத் தாண்டினால்தான் குற்றம், முன்னதாக இறங்குவதில் தவறில்லை. எழும்பூரில் ஏறி மாம்பலத்துக்கு டிக்கெட் எடுத்தவர், கூட்டத்தில் இறங்க முடியாமல் சைதாப்பேட்டைக்குப் போய்விட்டால் தாண்டிய கணக்குத்தான். கிண்டிக்கே எடுத்திருந்தால் அதே 5 ரூபாயில் பயமில்லாமல் இறங்கியிருப்பார்.

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் அரை டிக்கெட். மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை நம்பி இன்றும் கவுன்ட்டரில் கேட்டு ஏமாறும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

சீசன் எத்தனை நாளில் கட்டுப்படியாகும்

20 கிலோமீட்டர் வரை மாதச் சீசன் 100 ரூபாய், 45 வரை 185, 70 வரை 270. தாம்பரத்திலிருந்து பீச்சுக்குத் தினமும் போய்வருபவர் நாளுக்கு 20 ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்தால், 10-ஆவது நாள் சாயங்காலம் அவர் 200 ரூபாய் செலவழித்திருப்பார். 185 ரூபாய்ச் சீசன் அதற்குள் கட்டுப்படியாகிவிட்டது. 5 ரூபாய்ப் படியில் சரியாக 10 நாள், 15 ரூபாய்ப் படியில் 9 நாள். ஆக, மாதத்தில் 10 நாளுக்குமேல் போய்வருபவர் எந்தப் படியில் இருந்தாலும் சீசன் எடுக்காமல் இருப்பது நட்டம். வாரம் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் போகிறவருக்குச் சீசன் வேண்டாம். மூன்று நாள் என்றால் எடுத்துவிடலாம்.

மூன்று மாதச் சீசனுக்கு மூன்று மடங்கு இல்லை, 2.7 மடங்குதான். தாம்பரம்–பீச்சுக்குச் சுமார் 500 ரூபாய். வேலை நிரந்தரமில்லாதவர்கள் மாதச் சீசனோடு நிற்பது நல்லது. பாதியில் வேலை மாறினால் மிச்ச நாளுக்குப் பணம் திரும்பாது.

சீசன் ஒரே ஆளுக்கு உரியது. கதவு இல்லாத இடத்தில் ஒரு சீசனை அண்ணன் காலையிலும் தம்பி மாலையிலும் மாற்றி மாற்றிக் கொண்டுபோகாமல் தடுப்பது அதில் அச்சான அடையாள எண்தான். ஆதார் எண்ணைக் கொடுத்திருந்தால் ஆதாரைத்தான் காட்ட வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் அதே பெயரும் படமும் இருந்தாலும் எண் பொருந்தாது. கையில் சீசன் இருக்கும், அடையாள அட்டை வீட்டில் இருக்கும். பரிசோதனையில் மாட்டுபவர்களில் இப்படிப்பட்டவர்கள் உண்டு. சீசனையே வீட்டில் விட்டுவிட்டு வந்தவரும் அந்த நேரத்துக்கு டிக்கெட் இல்லாதவர்தான், “நாளைக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன்” என்பது செல்லாது. காகிதச் சீசன் தொலைந்தால் நகல் தருவதில்லை. சட்டைப்பையில் வைத்துத் துவைத்துவிட்டாலும் அதே கதி.

புதுப்பிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. செயலியில் எடுக்கும் சீசன், எடுத்த நாளில் செல்லாது, மறுநாளிலிருந்துதான் செல்லும். இன்று இரவோடு பழைய சீசன் முடிகிறது என்றால் இன்றைக்குள் எடுத்துவிட வேண்டும். நாளைக் காலை நடைமேடையில் நின்று எடுத்தால் நாளைய பயணத்துக்குத் தனி டிக்கெட் வேண்டும். முடிவதற்கு 10 நாள் முன்பிருந்தே புதுப்பிக்கலாம் என்பதால் கடைசி நாள்வரை காத்திருக்கக் காரணமே இல்லை. கைபேசியில் ஐந்து நாள் முன்னதாக ஒரு நினைவூட்டல் வைத்துக்கொண்டால் போதும்.

படிக்கும் பிள்ளைகளுக்குச் சலுகை அதிகம், தெரிந்தவர்கள் குறைவு. பிளஸ் டூ வரை படிக்கும் பையன்களுக்கும், பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண்களுக்கும் வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்புச் சீசன் இலவசம். மற்ற மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். பள்ளியோ கல்லூரியோ முத்திரையிட்டுத் தரும் சான்றை வைத்துக் கவுன்ட்டரில்தான் வாங்க வேண்டும், செயலியில் கிடைக்காது. பெண் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப யோசிக்கும் வீட்டில் இந்த ஒரு விவரம் முடிவையே மாற்றக்கூடும். சேர்க்கை நாளிலேயே அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

செயலி ஏன் ‘முடியாது’ என்கிறது

முன்பதிவில்லாத டிக்கெட் எடுக்கும் யூடிஎஸ் செயலி சென்னையில் 2015-இல் வந்தது. 2025 ஜூலை 1 அன்று ரயில்வே அறிமுகப்படுத்திய ரயில்ஒன் செயலியும் இப்போது அந்த வேலையைச் செய்கிறது. புதிதாகத் தொடங்குபவர் ரயில்ஒன்னையே எடுத்துக்கொள்ளலாம். யூடிஎஸ் கணக்கு இருந்தால் அதே எண்ணில் உள்ளே நுழையலாம், செயலியில் முன்கூட்டிப் பணம் போட்டுவைக்கும் கணக்கான ஆர்-வாலட்டில் கிடக்கும் பணமும் கூட வரும். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலி மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒரே இடத்தில் கொண்டுவருகிறது.

முன்பதிவில்லாத டிக்கெட் என்ற பகுதிக்குள் போனால் முதலில் கேட்பது காகிதமா, காகிதமில்லாததா என்பது. இங்கே தவறாகத் தொட்டால் மொத்தமும் தவறு. ‘காகிதம்’ என்று தொட்டால் பணம் போகும், புக்கிங் எண் வரும், ஆனால் அது டிக்கெட் ஆகாது. நிலையத்து இயந்திரத்தில் அந்த எண்ணைக் கொடுத்து அச்செடுத்தால்தான் செல்லும். காசு கட்டிய குறுஞ்செய்தியை டிடிஆரிடம் காட்டி வாதாடுபவர்களில் பலர் இந்த இடத்தில் சறுக்கியவர்கள். மின்சார ரயிலுக்குக் காகிதமில்லாததைத் தேர்ந்தெடுத்துப் பழகுங்கள்.

அடுத்தது இடம். காகிதமில்லாத டிக்கெட்டை எடுக்கும்போது செயலி ஜிபிஎஸ் மூலம் நீங்கள் நிற்கும் இடத்தைப் பார்க்கும். தண்டவாளத்துக்கும் நிலையத்துக்கும் மிக அருகில் இருந்தால் மறுத்துவிடும். காரணம் எளிது. கதவில்லாத ரயிலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தூரத்தில் டிடிஆரின் கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் 5 ரூபாய்க்கு டிக்கெட் எடுத்துவிடலாம் என்ற நிலை வந்தால் யாரும் முன்கூட்டி எடுக்கமாட்டார்கள். அதைத் தடுக்கத்தான் இந்த வேலி. முன்பு வெளிப்பக்கமும் ஒரு வேலி இருந்தது, நிலையத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் எடுக்கலாம் என்று. அது 2024-இல் நீக்கப்பட்டது. இப்போது வீட்டிலிருந்தே, எந்த நிலையத்திலிருந்தும் எந்த நிலையத்துக்கும் எடுக்கலாம். ஆனால் எடுத்த 1 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். குளிக்கப் போகும் முன் எடுத்துவைக்கக் கூடாது, செருப்பு மாட்டும்போது எடுக்கலாம்.

வெளியே எடுக்க மறந்து நடைமேடைக்கே வந்துவிட்டவருக்கும் வழி இருக்கிறது. நிலையத்தில் கவுன்ட்டர் அருகிலும் நுழைவாயில் சுவரிலும் க்யூஆர் தாள் ஒட்டியிருப்பார்கள். செயலிக்குள்ளேயே இருக்கும் க்யூஆர் பகுதியைத் திறந்து அதைப் படம் பிடித்தால், புறப்படும் நிலையம் தானாக நிரம்பிவிடும். போகும் இடத்தைச் சொல்லிப் பணம் கட்டினால் டிக்கெட் வந்துவிடும். கூகுள் பே, போன்பே வழியாக அந்தத் தாளைப் படம் பிடித்தால் வேலைக்கு ஆகாது. அந்த க்யூஆர் பணம் கட்டுவதற்கில்லை, நிலையத்தைத் தெரிவிப்பதற்கு. இந்த வித்தியாசம் தெரியாமல் சுவரோடு மல்லுக்கட்டி வண்டியை விடுபவர்கள் ஏராளம்.

ஆவடியிலிருந்து வந்து சென்ட்ரலின் புறநகர் நிலையமான மூர் மார்க்கெட்டில் இறங்கிப் பார்க்கில் தாம்பரம் வண்டி பிடிப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஆவடியிலேயே தாம்பரம் வரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்துவிடுங்கள். சென்ட்ரல் வரை மட்டும் எடுத்து, சுரங்கப்பாதையைத் தாண்டியபின் அடுத்ததை எடுக்கலாம் என்று விட்டால், அங்கே சுற்றிலும் ரயில் நிலையம்தான். ஜிபிஎஸ் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, வண்டியின் வகை. செயலி ‘ஆர்டினரி’, ‘மெயில் அல்லது எக்ஸ்பிரஸ்’, ‘சூப்பர்ஃபாஸ்ட்’ என்று கேட்கும். மின்சார ரயிலுக்கு ஆர்டினரி. பார்க்காமல் எக்ஸ்பிரஸ் என்று விட்டால் 10 ரூபாய் டிக்கெட்டுக்குப் பல மடங்கு போய்விடும், காகிதமில்லாத டிக்கெட்டை ரத்து செய்யவும் முடியாது. இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. ஆர்டினரி டிக்கெட்டோடு தாம்பரத்தில் நிற்கும் எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது. ஒரே தண்டவாளம், ஒரே ஊர், ஆனால் டிக்கெட் வேறு. எழும்பூர் நடைமேடையில் இறங்குபவர்களைப் பரிசோதிக்கும்போது புறநகர் டிக்கெட் அங்கே டிக்கெட்டே இல்லை என்ற கணக்கில்தான் வரும்.

நிலையப் பெயரிலும் கவனம் வேண்டும். பீச்சின் குறியீடு எம்எஸ்பி, எழும்பூரின் குறியீடு எம்எஸ். தேடும்போது இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். பார்க் வேறு, பார்க் டவுன் வேறு. முன்னது தாம்பரம் தடம், பின்னது பறக்கும் ரயில். வழித்தடமும் டிக்கெட்டில் அச்சாகும். ஒரு வழிக்கு எடுத்துவிட்டு வேறு வழியில் போகக் கூடாது.

பணம் பிடித்துக்கொண்டு டிக்கெட் வராமல் போவதுதான் எல்லாரையும் பதறவைக்கும் கோளாறு. வங்கியிலிருந்து பணம் கிளம்பியிருக்கும், நிலையத்துக் கூட்டத்தில் இணையம் தடுமாறி ரயில்வேயின் பதில் கைபேசிக்கு வந்து சேர்ந்திருக்காது. உடனே இரண்டாம் முறை எடுக்காமல், முதலில் புக்கிங் வரலாற்றைப் பாருங்கள். பாதி நேரம் டிக்கெட் அங்கே உட்கார்ந்திருக்கும். அங்கேயும் இல்லையென்றால் அந்தப் பணம் சில நாளில் தானாகக் கணக்குக்குத் திரும்பும். ஆனால் டிக்கெட் இல்லாமல் ஏறக் கூடாது, ‘பணம் போய்விட்டது’ என்பது டிக்கெட்டுக்கு ஈடாகாது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் ஆர்-வாலட்டில் 100, 200 ரூபாய் போட்டுவைக்கலாம். வாலட்டில் இருந்து எடுக்கும்போது வங்கியின் பதிலுக்குக் காத்திருக்கும் கட்டம் இல்லை, 3 சதவீதம் போனஸும் உண்டு. 5 ரூபாய்க்கு அது ஒன்றுமில்லை, நேரம் மிச்சமாவதுதான் பெரிது.

டிக்கெட்டைக் காட்டுவது செயலியைத் திறந்து, டிக்கெட் காட்டும் பக்கத்தில்தான். எடுத்த கைபேசியிலேயே காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை ஏற்கமாட்டார்கள், ஏற்றால் ஒரு டிக்கெட்டில் ஒரு தெருவே பயணம் போகும். எடுத்தபின் காட்ட இணையம் தேவையில்லை. சார்ஜ் தேவை. கைபேசி அணைந்துவிட்டால் டிக்கெட்டும் இல்லை. 10 சதவீதத்துக்குக் கீழே சார்ஜ் இருக்கும் நாளில் இயந்திரத்தில் காகித டிக்கெட் எடுப்பதுதான் பாதுகாப்பு.

கவுன்ட்டரும் இயந்திரமும்

காலை 8 மணிக்குத் தாம்பரம் கவுன்ட்டரில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இயந்திரத்தின் அருமை தெரியும். தொடுதிரையில் தமிழைத் தேர்ந்தெடுத்து, வரைபடத்திலோ பட்டியலிலோ போகும் நிலையத்தைத் தொட்டு, ஆள் எண்ணிக்கை, ஒருவழியா இருவழியா என்று சொன்னால் தொகை வரும். ஸ்மார்ட் கார்டு இருந்தால் அதை மேடைமேல் வைத்து, அச்சு வெளியே வரும்வரை எடுக்காமல் இருக்க வேண்டும். அவசரத்தில் நடுவில் தூக்கினால் பரிவர்த்தனை அந்தரத்தில் நிற்கும். கார்டு இல்லாதவர்கள் திரையில் வரும் க்யூஆரை யூபிஐ வழியாகப் படம் பிடிக்கலாம், அது கொஞ்ச நேரமே இருக்கும் என்பதால் கைபேசியைத் திறந்துவைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். பல நிலையங்களில் இயந்திரத்தின் பக்கத்தில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் ரொக்கம் கொடுத்தால் தன் கார்டிலிருந்து எடுத்துத் தருவார். அவருக்கான கழிவு ரயில்வேயிடமிருந்து வருகிறது. நீங்கள் கூடுதலாக எதுவும் தர வேண்டியதில்லை. திரையைத் தொடத் தயங்கும் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

வழியனுப்ப வந்தவர்களுக்கு நடைமேடை டிக்கெட் 10 ரூபாய், 2 மணி நேரம் செல்லும்.

எந்தப் பெட்டி, எந்த வண்டி

முதல் வகுப்புப் பெட்டி, மகளிர் பெட்டி, மாற்றுத்திறனாளிகள் பெட்டி, சுமைகளோடு வருபவர்களின் பெட்டி எல்லாம் சாதாரணப் பெட்டிகளோடு சேர்ந்தேதான் ஓடும். வெளியே எழுதியிருப்பதைப் பார்க்காமல் ஓடிவந்து ஏறினால், இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு முதல் வகுப்பில் நிற்க நேரும். கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று தோன்றினாலே ஒருமுறை எழுத்தைப் பாருங்கள். மகளிர் பெட்டியில் ஆண்கள் ஏறுவது ரயில்வே சட்டத்தின் 162-ஆவது பிரிவில் தனிக் குற்றம்.

2025 ஏப்ரல் 19 முதல் குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது. சென்னையின் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் செய்த 12 பெட்டி வண்டி, தானாக மூடும் கதவுகள். 10 கிலோமீட்டர் வரை 35 ரூபாய், பீச்சிலிருந்து தாம்பரம் 85, செங்கல்பட்டு 105. அதற்கான சீசனும் தனி. சாதாரணச் சீசனோ முதல் வகுப்பு டிக்கெட்டோ இதில் செல்லாது. நாளுக்குச் சில நடைகள்தான் என்பதால், நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். எடுத்தபின் அந்த வண்டி போய்விட்டது தெரிந்தால் 85 ரூபாயோடு 10 ரூபாய் வண்டியில் போக வேண்டியதுதான். என் பார்வையில் இந்த விலை தினக்கூலிக்காரருக்கானது இல்லை. மே மாத மதியத்தில் மருத்துவமனைக்குப் போகிற முதியவரைக் கூட்டிப்போக என்றால் தாராளமாக எடுக்கலாம்.

‘ஃபாஸ்ட்’ வண்டி எல்லா நிலையத்திலும் நிற்காது. அறிவிப்புப் பலகையில் அந்தச் சொல் இருந்தால் உங்கள் நிலையம் உண்டா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு, வண்டிகள் குறைவு. அரசு விடுமுறை நாள்களிலும் பெரும்பாலும் ஞாயிறு அட்டவணையைத்தான் ஓட்டுகிறார்கள். தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில மணி நேரம் நிறுத்துவதையும் முன்கூட்டி அறிவிக்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை பழகிய நேரத்தை நம்பிப் பொங்கலன்று நடைமேடைக்கு வந்தால் வெகுநேரம் நிற்க நேரிடும்.

பரிசோதனையில் மாட்டினால்

டிடிஆர்கள் வண்டிக்குள் வருவதைவிட வெளியேறும் வழியில் நிற்பதே அதிகம். மேம்பாலப் படிக்கட்டின் கீழ்ப்படி, சுரங்கப்பாதை வாய் என்று எல்லாரும் ஒடுங்கி வர வேண்டிய இடமாகப் பார்த்து நிற்பார்கள். அன்றைக்கு மட்டும் அந்த நிலையத்தில் மனிதர்களால் ஆன ஒரு கதவு முளைக்கிறது. ஆகவே இறங்கியதும் டிக்கெட்டைக் கசக்கிப் போடும் பழக்கம் வேண்டாம், வெளியே சாலைக்கு வரும்வரை கையில் இருக்கட்டும்.

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138-ஆவது பிரிவுப்படி, டிக்கெட் இல்லாதவர் பயணக் கட்டணத்தோடு கூடுதல் தொகையும் கட்ட வேண்டும். அந்தக் கூடுதல் தொகை குறைந்தது 250 ரூபாய். எங்கே ஏறினார் என்பது சந்தேகமாக இருந்தால், அந்த வண்டி கிளம்பிய நிலையத்திலிருந்தே கட்டணம் போடுவார்கள். சைதாப்பேட்டையில் ஏறியவருக்குச் செங்கல்பட்டிலிருந்து கணக்கு வருவது இதனால்தான். செங்கல்பட்டு வண்டியில் அந்த வித்தியாசம் 10 ரூபாய்க்குள் அடங்கிவிடும், அதற்காக நின்று சண்டை போடத் தேவையில்லை. ஏமாற்றும் எண்ணத்தோடு பயணம் செய்தார் என்று கருதினால் 137-ஆவது பிரிவு வரும். அதில் சிறைத்தண்டனைக்கும் இடம் உண்டு. கட்ட மறுத்தால் ரயில்வே நீதிபதி முன் நிறுத்தலாம்.

பணம் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். ‘எக்ஸஸ் ஃபேர் டிக்கெட்’ என்ற அந்தச் சீட்டில் தொகை, தேதி, எங்கிருந்து எங்கே என்பதெல்லாம் இருக்கும். மிச்சப் பயணத்துக்கு அதுவே உங்கள் டிக்கெட். “ரசீது வேண்டாம், நூறு கொடுத்துவிட்டுப் போ” என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அந்த நூறு ரயில்வேக்குப் போகாது, அடுத்த நிலையத்தில் இன்னொருவர் கேட்டால் நீங்கள் மறுபடியும் டிக்கெட் இல்லாதவர்தான். பரிசோதிப்பவர் மீது சந்தேகம் வந்தால் அடையாள அட்டையைக் கேட்கலாம், நிலைய அலுவலகத்தில் வந்து கட்டுவதாகச் சொல்லலாம்.

வண்டிக்குள் ஆபத்து, தொந்தரவு, விட்டுப்போன பை, உடல்நலக் குறைவு எல்லாவற்றுக்கும் ரயில்வேயின் உதவி எண் 139. முன்பு பாதுகாப்புக்குத் தனியாக இருந்த 182 இப்போது இதோடு சேர்ந்துவிட்டது. அழைக்கும்போது ‘தாம்பரம் ட்ரெயின்’ என்று மட்டும் சொன்னால் எந்த வண்டி என்று கண்டுபிடிக்க நேரமாகும், அந்த நேரத்தில் பத்து வண்டிகள் அந்தப் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து இலக்க வண்டி எண் தெரிந்தால் அதைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் கடைசியாகத் தாண்டிய நிலையம், போகும் திசை, தாண்டிய நேரம், பெட்டியின் உள்சுவரில் எழுதியிருக்கும் பெட்டி எண் ஆகியவற்றைச் சொன்னால் அடுத்த நிலையத்தில் ஆளை நிறுத்திவைக்க அவர்களுக்குப் போதும்.